மஞ்சள் பெயின்டுக்கு அடியில்

ஊரே கூடி, சிரித்துப் பேசி, ஒரு நல்ல காரியத்தில் இறங்கியிருக்கும்போது, நடுவில் போய் நின்று "நிறுத்துங்கள்" என்று சொல்ல உங்களால் முடியுமா? முடியும் என்று அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். கெட்ட காரியத்தை எதிர்ப்பது சுலபம். காப்பி மணமும் குழந்தைகளின் கூச்சலும் நிறைந்த ஒரு நல்ல காரியத்தை எதிர்த்தவர்கள் என்ன பாடு படுவார்கள் என்பதை, லூன்விக் ஊரில் இங்வில் என்ற பெண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

லூன்விக் நார்வேயின் வட கடற்கரையில், மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர். இலையுதிர் காலம் முடியும் முன்பே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். மறுபடி தலைகாட்டப் புத்தாண்டு பிறந்து பல நாள் ஆகும். இடைப்பட்ட காலத்தில் நண்பகலிலும் வெளியே நீலச் சாம்பல்தான். போதாததற்கு உள்ளேயும் சாம்பல். சுவர் வெள்ளை, சோபா சாம்பல், கம்பளம் அதைவிடக் கொஞ்சம் அடர்ந்த சாம்பல். இதற்கு நாகரிகம் என்று பெயர்.

இங்வில் நகராட்சியில் முதியோர் வீட்டுப் பணியாள். வீடு வீடாகப் போய்க் கிழவர்களைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, காலுக்குச் சாக்ஸ் போட்டுவிடும் வேலை. புருஷன் ஸ்டைனார் மீன்பிடிக் கப்பலில். பாதி வருஷம் கடலில்தான் அவன் குடித்தனம். வீட்டில் அவளும் மகள் தீரிலும். தீரிலுக்கு மூன்று வயது ஆகவில்லை.

நிறத்தின் மேல் இங்வில்லுக்கு இருந்த பிடிப்பு ஆசை மட்டும் அல்ல. அவள் சிறுமியாக இருந்தபோது, ஒவ்வொரு இருட்டுக் காலத்திலும் அவளுடைய அம்மா படுக்கையை விட்டு எழுந்திருக்க மாட்டாள். ஒரு குளிர்காலத்தில் இங்வில் படகுக்கு அடிக்கும் சிவப்பு பெயின்டைத் திருடிவந்து சமையலறை முக்காலிக்கு அடித்தாள். அம்மா எழுந்து வந்து, "இது என்னடி கூத்து?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு ஈரப் பெயின்டின் மேலேயே உட்கார்ந்து சிரித்தாள். அந்த ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு, நிறம் மனிதரை எழுப்பிவிடும் என்று இங்வில் முடிவு கட்டிவிட்டாள்.

அதனால் அவள் வீட்டுக்குள் நுழைந்தால் கண் கூசும். தெருவோரம் எறிந்த நாற்காலி நீலமாகி நிற்கும். ஒரு கால் போன அலமாரி புதுக்காலோடு, பச்சைக் கதவோடு நிற்கும். பழைய டிராயருக்கு ஆரஞ்சு அடித்துச் சுவரில் மாட்டி, அதில் கோப்பைகளை அடுக்கியிருப்பாள். உப்புத்தாளால் தேய், பிரைமர் போடு, ரெண்டு கோட் அடி. இவ்வளவுதான் வித்தை என்பாள். ஊர்ப் பெண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு, "எங்க வீட்டு மேஜைக்கும் ஒரு நிறம் சொல்லேன்" என்று வந்து நின்றார்கள்.

இலையுதிர் காலத்தில் நகராட்சி பழைய பாதிரியார் வீட்டைக் காலி செய்தது. நூறு வருஷத்துச் சாமான்கள். வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். மிச்சத்தை வசந்தத்தில் புதுப்பித்துப் பாலர் பள்ளிக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. இங்வில் ஒரு பெட்டி பெஞ்சை எடுத்துவந்தாள். மூடியைத் தூக்கினால் உள்ளே போர்வை வைக்கலாம், குழந்தைகூட ஒளிந்துகொள்ளலாம். வெள்ளைக்கு அடியில் பச்சை, பச்சைக்கு அடியில் காவி, காவிக்கு அடியில் மறுபடி வெள்ளை. கோட் கோட்டாகப் பெயின்ட், பாளம் பாளமாக வெடித்திருந்தது.

வெளியே குளிர். கொட்டகையில் விரல் மரத்துப்போகும். எனவே பெஞ்சைச் சமையலறைக்குக் கொண்டுவந்தாள். ஜன்னல்களை இறுக்கிச் சாத்திவிட்டு, தேய்க்கும் மிஷினை வைத்து நாள்கணக்கில் தேய்த்தாள். மாவு போல மெல்லிய தூசி. ஜன்னல் விளிம்பில், வெண்ணெய்க் கிண்ணத்தின் மூடியில், தீரிலின் கரடி பொம்மையின் காதுக்குள். தீரில் அந்தத் தூசியில் விரலால் கோடு இழுத்து விளையாடினாள். இங்வில் அதைப் போட்டோ எடுத்து ஸ்டைனாருக்கு அனுப்பினாள்.

கடைசியில் பெஞ்சு மஞ்சளானது. முட்டைக் கருவின் மஞ்சள். இருட்டில் அந்த ஜன்னலைப் பார்த்தவர்கள், உள்ளே விளக்கு எரிகிறது என்று நினைத்தார்கள்.

இருட்டுக் காலம் வந்தது. தீரில் சாப்பாட்டைத் தள்ளினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு அழுதாள். நாள் கணக்கில் வெளிக்குப் போகவில்லை. முகம் வெளுத்தது. பெஞ்சின் விளிம்பில் முழங்கை ஊன்றி நின்று அதைக் கடிப்பது மட்டும் அவளுக்குப் பிடித்த வேலையாக இருந்தது. "எலி மாதிரி கடிக்கிறா பாரு" என்று இங்வில் சிரித்துக்கொண்டே, பல் பட்ட இடத்துக்கு மறுபடி மஞ்சள் தொட்டு வைத்தாள்.

பிறகு ஒரு காலை, தீரில் பாலைக் காட்டி, "ம்ம், ம்ம்" என்றாள்.

"என்ன கண்ணு வேணும்? சொல்லு. பால்னு சொல்லு."

தீரில் அவளையே பார்த்தாள். வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. போன மாதம் வரை தெளிவாக வந்த சொல் அது. இங்வில் கோப்பையை வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

சுகாதார நிலையத்துக்கு ஓடினாள். லூன்விக்கில் நிலையான டாக்டர் கிடையாது. தெற்கிலிருந்து தற்காலிக டாக்டர்கள் வருவார்கள். ஊர்ப் பெயரைச் சரியாக உச்சரிக்கக் கற்பதற்குள் போய்விடுவார்கள். முதலில் இருந்தவர், "இருட்டுக் காலம், மீன் எண்ணெய் கொடுங்க" என்றார். அடுத்து வந்தவர், "அப்பா வீட்டில் இல்லை இல்லையா, ஏக்கமா இருக்கும்" என்றார். அதற்கும் அடுத்தவர் குழந்தையைப் பார்த்ததைவிடத் தாயைத்தான் அதிகம் பார்த்தார். "நீங்க நல்லாத் தூங்கறீங்களா? பதட்டமா இருக்கற மாதிரி தெரியுது" என்றார். பணக்காரப் பேட்டையில் ஒரு குழந்தை பேச்சை இழந்திருந்தால் அன்றைக்கே ஊசி குத்தி ரத்தம் எடுத்திருப்பார்கள். கடைக்கோடியில் மீன்பிடிக்காரன் பிள்ளை இழந்தால், தாய்க்குத் தூக்கம் போதவில்லை.

பூடில் என்பவள் இங்வில்லின் பள்ளித் தோழி. பாலர் பள்ளி ஆசிரியை. அவளுக்கு வேறொரு வைத்தியம் தெரியும். இந்தக் கரையில் 'ஓதுகிறவர்கள்' உண்டு. பைபிளின் வேத வாசகத்தை முணுமுணுத்து ரத்தப் பெருக்கை நிறுத்துவார்கள், வலியை எடுப்பார்கள் என்று நம்பிக்கை. போனிலேயே ஓதுவார்கள். படித்தவர்களும் ரகசியமாக அவர்களுடைய போன் நம்பரை வாங்கி வைத்திருப்பார்கள்.

"ஏண்டி, ஹில்மாருக்கு ஒரு போன் போட்டா உன் விரல் தேஞ்சா போயிடும்? எங்க மாமாவுக்கு மூக்குல ரத்தம் கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சு. அவரு போன்லயே ஓதி நிறுத்திட்டாரு."

"மூக்கு ரத்தம் தானாவே நிக்கும்டி."

"உனக்கு எல்லாம் தானாவே நடக்கும். சரி, பிள்ளை தானாவே பேசுதா?"

அன்று மாலை இங்வில் ஹில்மாருக்குப் போன் செய்தாள். பயந்த தாய் எந்தக் கதவையும் தட்டுவாள். குற்றம் அவளுடையது அல்ல.

"பிள்ளை பேரு சொல்லு மகளே. பிறந்த நாள் சொல்லு. போதும்" என்றார் ஹில்மார், படகோட்டி ஓய்ந்த கிழவர்.

"என்ன பண்ணுது, எப்போ ஆரம்பிச்சுது, எதுவும் கேக்க மாட்டீங்களா?"

"தேவையில்ல மகளே. மேல இருக்கறவருக்குத் தெரியும்."

ஒன்றும் கேட்காமல் குணப்படுத்துகிறேன் என்பவரைக் கண்டால் பயப்பட வேண்டும். அந்த மூன்று டாக்டர்களும் பிள்ளையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒருவர் கையில் வேதம், மற்றவர்கள் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். தீரில் மேலும் வெளுத்தாள். ஒருநாள் படிக்கட்டில் கால் தடுமாறி விழுந்தாள்.

நான்காவதாக வந்த டாக்டர் டென்மார்க்காரி, பிர்கிட்டே. வாயில் சூடான உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு பேசுகிறாள் என்று ஊர் அவளைக் கேலி செய்தது. அவள் பேசுவதைப் புரிந்துகொள்ள இங்வில் முன்னால் சாய்ந்து உட்கார வேண்டியிருந்தது.

"வீட்டுல நாள் பூரா என்ன செய்வீங்க?"

"நானா? வேலைக்குப் போவேன். வந்தா சமையல். அப்புறம் பெயின்ட் அடிப்பேன்."

"எதுக்கு அடிப்பீங்க?"

"பழைய சாமான்தான். பாருங்க." சோர்விலும் இங்வில்லுக்குக் கொஞ்சம் பெருமை வந்தது. போனை நீட்டினாள். திறந்த பெஞ்சுக்குள் உட்கார்ந்து தீரில் சிரிக்கும் படம்.

டாக்டர் படத்தை விரலால் விரித்துப் பெரிதாக்கினாள். "குழந்தையைச் சுத்தி வெள்ளையா இருக்கே. இது பனியா?"

"இல்லையில்ல, அது சமையலறை. தேய்ச்ச தூசி."

பிர்கிட்டே படத்தை இன்னும் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"பெஞ்சு எவ்வளவு பழசு?"

"பாதிரியார் வீட்டுது. நூறு வருஷத்துக்கு மேல இருக்கும். ஏன்?"

"குழந்தை அதுல வாய் வைக்குமா?"

இங்வில் எலியை நினைத்தாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்தது. ஈயம். அந்தக் காலப் பெயின்டில் பளபளப்புக்கும் உறுதிக்கும் ஈயத்தைச் சேர்த்துக் கொட்டினார்கள். பெயின்ட் கெட்டியாக ஒட்டியிருக்கும்வரை அது தூங்குகிறது. காய்ந்தபடி சுரண்டினால் எழுந்துகொள்கிறது. மூச்சில் போகிறது, சோற்றில் போகிறது, இனிப்பாக இருப்பதால் குழந்தையின் நாக்குக்கும் பிடிக்கிறது. பெரியவர்களைவிடக் குழந்தை உடம்பு அதை அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். வளரும் மூளையில் போய் உட்காரும். இதில் சாபமில்லை, ஏக்கமில்லை, இருட்டுமில்லை.

"சரியாயிடுமா?" என்று கேட்டாள் இங்வில்.

"ரத்தத்துல குறையும். போன சொல்லெல்லாம் திரும்பி வருமான்னு எனக்குத் தெரியாது. தெரியும்னு சொன்னா அது பொய்" என்றாள் பிர்கிட்டே. "வீட்டுல இனி எதையும் காய்ந்தபடி பெருக்காதீங்க. தேய்க்காதீங்க. தண்ணி. எல்லாமே ஈரத் துணியால."

இங்வில் பெஞ்சைப் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கட்டினாள். வீட்டை அங்குலம் அங்குலமாக ஈரத் துணியால் துடைத்தாள். கரடி பொம்மையை எறிந்தாள். தீரில் அழுதபோது தானும் அழுதாள். குழந்தைநலப் பிரிவிலிருந்து இரண்டு பேர் வந்து, எந்தச் சூழ்நிலையில் குழந்தைக்கு விஷம் கொடுக்கப்பட்டது என்று மெல்லிய குரலில் விசாரித்தார்கள். பெஞ்சைக் கொடுத்த நகராட்சிக்கு ஒரு கேள்வியும் இல்லை. தேய்த்தவளுக்கு விசாரணை.

துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. பாதிரியார் வீட்டு மிச்சச் சாமான்கள். அலமாரி, தொட்டில், இரண்டு பெஞ்சு. அத்தனையும் பாலர் பள்ளிக்கு. வரும் சனிக்கிழமை டுக்னாட்.

டுக்னாட் என்றால் ஊர் கூடிச் செய்யும் வேலை. கூலி கிடையாது, கட்டாயமும் கிடையாது. ஆனால் வராதவன் பெயர் அடுத்த டுக்னாட் வரைக்கும் ஊர் வாயில் அரைபடும். இந்த நாட்டில் கடவுளை மறுக்கலாம், ராஜாவைக் கிண்டல் செய்யலாம். டுக்னாட்டை மறுக்க முடியாது. நகராட்சிக்கு இது தெரியும். முகமூடியும் உறிஞ்சு இயந்திரமும் உள்ள தொழில்முறை ஆட்களைக் கூப்பிட்டால் செலவு. பெற்றோரைக் கூப்பிட்டால், வாஃபில் ரொட்டி சுட்டுப் போட ஒரு வாளி மாவும் கொஞ்சம் ஜாமும் போதும்.

நகராட்சிக் கட்டடப் பொறுப்பாளன் ஆர்ன்ஃபினுக்குப் போன் செய்தாள். அவனும் அவளும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"அட, இங்வில்! நாமெல்லாம் அந்த மாதிரி சாமானோடதானே வளர்ந்தோம்? எனக்கு என்ன ஆயிடுச்சு?"

"அதைத்தான் நானும் யோசிச்சுட்டிருக்கேன்."

அவன் சிரித்தான். "இதோ பாரு, உப்புத்தாள் பிடிக்க இஷ்டமில்லேன்னா நேரா சொல்லு. வாஃபில் சுட ஆள் வேணும். உன்னை அங்க போட்டுடறேன்."

"ஆர்ன்ஃபின், என் பிள்ளை ரத்தத்துல ஈயம் இருக்குடா."

அவன் சிரிப்பை நிறுத்தினான். "அது உன் வீட்டுல நடந்தது. பாலர் பள்ளி சாமானை யாரும் இன்னும் சோதிக்கல. சோதிக்காம நான் எப்படி நிறுத்த முடியும்?"

"சோதிக்காம எப்படிடா தேய்க்கச் சொல்ல முடியும்?"

அவன் வைத்துவிட்டான். பெற்றோர் குழுவின் இணையப் பக்கத்தில் இங்வில் எழுதினாள். "ஐயோ பாவம் தீரில்" என்று இதயப் படம் போட்டார்கள். கூடவே ஒருத்தி கேட்டாள்: "அப்போ சனிக்கிழமை நீ வர மாட்டியா?"

சனிக்கிழமை வசந்தம் பின்வாங்கிவிட்டது. காற்றோடு ஆலங்கட்டி மழை. வெளியே முற்றத்தில் செய்ய இருந்த வேலையை உள்ளே விளையாட்டுக் கூடத்துக்கு மாற்றினார்கள். கதவுகளைச் சாத்தினார்கள், ஹீட்டரைப் போட்டார்கள். ஒரு மூலையில் வாஃபில் கல், பழுப்புப் பாலாடைக்கட்டி, காப்பிக் கெண்டி. நடுவில் பாதிரியார் வீட்டுத் தொட்டில். இரண்டு மிஷின்கள் ஓடின. விளக்கின் கீழே தூசி மெதுவாக இறங்கியது, அவசரமில்லாமல். குழந்தைகள் ஓடி வந்து, தூசி படிந்த மேஜையில் விரலால் தங்கள் பெயரின் முதல் எழுத்தை எழுதிப் பார்த்தார்கள். எழுதிய விரலை வாயில் வைத்தார்கள்.

இங்வில் தீரிலைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். வாசலில் மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை.

"நான் சொன்னேன்ல, வருவான்னு!" பூடில் கை தட்டினாள். "இந்தாடி உப்புத்தாள். நீதான் இதுல ராணி."

"பூடில், பிள்ளைங்களை வெளிய கூட்டிட்டுப் போ. இப்பவே."

"வெளிய கல்லு கல்லா கொட்டுதுடி!"

மிஷின் பிடித்திருந்தவன் திரும்பினான். "ஏம்மா, வேலை செய்ய வலிச்சா வீட்டுலயே இருந்திருக்கலாம்ல? ஊருக்கே நிறம் சொல்லிக் குடுத்தவ, இப்போ கருப்புக்கொடி காட்டறியே!"

கூடமே சிரித்தது. இங்வில்லுக்குக் காது சுட்டது. ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. இவர்களோடுதான் அவள் மிச்ச வாழ்நாளையும் கழிக்க வேண்டும். கடையில் இவர்கள், கப்பல் துறையில் இவர்கள், சாவு வீட்டிலும் இவர்கள்.

மிஷினின் ஸ்விட்சைத் தேடினாள், அகப்படவில்லை. இரண்டு மிஷின்களின் ஒயரையும் பிடுங்கினாள். துடைப்புக்கு வைத்திருந்த வாளியைத் தூக்கித் தொட்டிலின் மேல் ஊற்றினாள். அடுத்த வாளியை மேஜையின் மேல். தண்ணீர் வெள்ளையாக ஓடி வாஃபில் தட்டுக்குள் இறங்கியது.

"பைத்தியமாடி உனக்கு?" என்று வாஃபில் கல்லருகிலிருந்து கத்தினான் ஆர்ன்ஃபின்.

"இருக்கலாம். தூசி அடங்கிடுச்சில்ல?" அவள் வாளியைக் கீழே வைத்தாள். "கேளுங்க. என் பிள்ளைக்குப் 'பால்'னு சொல்லத் தெரிஞ்சுது. இப்போ தெரியல. இதே வீட்டு சாமான். இதே தூசி. நானேதான் தேய்ச்சேன், நானேதான் ஜன்னலைச் சாத்தினேன். உங்க பிள்ளைக்கு வேண்டாம். அவ்வளவுதான்."

பூடிலின் மகன் மேஜையடியிலிருந்து எழுந்து நின்றான். அவன் வாயைச் சுற்றி வெள்ளை. அது வாஃபில் மேல் தூவிய சர்க்கரையா, வேறா என்று பூடில் குனிந்து பார்த்தாள். விரலால் தொட்டாள். முகர்ந்தாள். தெரியவில்லை. தெரியவில்லை என்பதுதான் அவளை உலுக்கியது. மகனை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஆலங்கட்டி மழைக்குள் தொப்பிகூட இல்லாமல் நடந்தாள். அவளுக்குப் பின்னால் சிலர் போனார்கள்.

எல்லோரும் போகவில்லை. இங்வில் தெருமுனையைத் தாண்டும்போது, சாத்திய கதவுக்கு உள்ளே ஒரு மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது அவள் காதில் விழுந்தது.

அந்த வாரம் பிர்கிட்டேயின் வாசலில் குழந்தைகளோடு வரிசை நின்றது. சில பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் இருந்தது, பூடிலின் மகனுடையதிலும். சில பெற்றோர் வரவே இல்லை. அவர்களுடைய பிள்ளைகளின் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அடுத்த மாதம் பிர்கிட்டே தவணை முடிந்து தெற்கே போய்விட்டாள். நகராட்சி, "கவலைப்பட எந்த முகாந்திரமும் இல்லை" என்று அறிவித்துவிட்டு, சாமான்களை நிலவறையில் பூட்டியது. கவலைப்பட ஒன்றுமில்லாத தொட்டிலுக்கு எதற்குப் பூட்டு?

தீரிலுக்கு ரத்தத்தில் ஈயம் குறைந்துவருகிறது. 'பால்' திரும்பி வந்துவிட்டது. இன்னும் வராத சொற்கள் எத்தனை என்று இங்வில் எண்ணுவதில்லை; எண்ணினால் தூங்க முடியாது. கடையில் சிலர் அவளைக் கண்டால் ரொட்டி அலமாரிப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். அவள் இன்னும் பெயின்ட் அடிக்கிறாள். புதுப் பலகைக்கு மட்டும்.

இது எங்கோ பனி நாட்டுக் கதை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஈயத்துக்கு நாடு கிடையாது. பொங்கல் நெருங்கினால் நாமும் பழைய பெயின்டைச் சுரண்டுகிறோம். ஜன்னல் கம்பி, பீரோ, ஊஞ்சல், மூன்று தலைமுறை கண்ட தொட்டில். சுரண்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது பிள்ளைதான். எனவே கேட்டுக்கொள்கிறேன்: பழைய பெயின்டைக் காய்ந்தபடி தேய்க்காதீர்கள், தேய்க்க விடாதீர்கள். சந்தேகம் இருந்தால் சோதிக்கக் கொடுங்கள். அதுவரை அதைத் தொடாமல் மூடி வையுங்கள். புது டப்பா வாங்கும்போது ஈயம் இல்லை என்று எழுதியிருக்கிறதா என்று கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். உங்கள் பிள்ளையின் பள்ளியில் பெஞ்சுகளுக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால், நாளைக் காலையே போய்த் தலைமையாசிரியர் முன்னால் நின்று, அடியில் இருப்பது என்ன என்று கேளுங்கள். பதில் வரும்வரை அங்கிருந்து நகராதீர்கள்.